பயிற்சியில் சரி, சொந்தமாக எழுதினால் பிழை: ஹேவ், ஹேட், த எங்கே இடறுகிறது?

கேள்வி: மணல்மேடு

இலக்கணப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்துக்கு ஒன்பது சரியாக வருகிறது. அதே ஆள் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் எழுதினால் பத்து வரிக்குள் நாலு பிழை. கடைசியாக எழுதியதில் திருத்தப்பட்டவை இவை:

"ஐ ஹேவ் செண்ட் த ஃபைல் எஸ்டர்டே."
"ஐ ஹேட் கால்டு யூ லாஸ்ட் வீக்."
"ஐ யாம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்."
"ப்ளீஸ் செண்ட் லெட்டர் டு மேனேஜர்."
"கேன் யூ டெல் மீ வேர் இஸ் த ஆஃபீஸ்?"

எது சரி என்று திருத்தியவர் காட்டிவிட்டார். ஏன் தவறு என்பது பிடிபடவில்லை. "நேற்றே அனுப்பியிருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோமே? 12 காலங்கள் கொண்ட அட்டவணையை மறுபடி மனப்பாடம் செய்வதுதான் வழியா?

பதில்: வினைமுற்று

அட்டவணையை விட்டுவிடுங்கள். அது மூன்று காலத்தை நான்கு வடிவத்தால் பெருக்கி எழுதிய கட்டம், அவ்வளவுதான். எந்தக் கட்டத்தை எப்போது தேர்வது என்று அது சொல்லாது. உங்கள் முதல் மூன்று பிழைகளும் தற்செயலாக வந்தவை அல்ல. மூன்றும் தமிழ் வினையை அப்படியே தூக்கி வைத்ததால் வந்தவை.

முதல் வாக்கியம். தமிழின் "அனுப்பியிருக்கிறேன்", ஆங்கிலத்தின் "ஐ ஹேவ் செண்ட்" இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் தமிழ் வடிவம் பக்கத்தில் நேற்று, போன மாதம், 2019 என்று எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆங்கில வடிவம் ஏற்காது. அங்கே ஹேவ் என்பது நிகழ்காலச் சொல்; இந்த நிமிடம் வரை திறந்திருக்கும் காலத்தோடு மட்டுமே அது சேரும். நேற்று முடிந்து மூடிய பெட்டி. ஆகவே "ஐ செண்ட் த ஃபைல் எஸ்டர்டே." நாளைக் குறிப்பிடவே இல்லையென்றால் "ஐ ஹேவ் செண்ட் த ஃபைல்" முழுக்கச் சரி.

மூடிய பெட்டிகள்: எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019, கேள்வியில் வரும் வென். ("வென் ஹேவ் யூ செண்ட் இட்?" தவறு, "வென் டிட் யூ செண்ட் இட்?" சரி.) திறந்தவை: டுடே, திஸ் வீக், ஸோ ஃபார், எவர், நெவர், யெட். "திஸ் மார்னிங்" மட்டும் இரண்டும் கெட்டான். காலை பத்து மணிக்கு எழுதினால் ஹேவ் வரலாம். மாலை நான்கு மணிக்கு எழுதும்போது அந்தக் காலை மூடிவிட்டது, சாதாரண இறந்தகாலம்தான் வரும். ஆல்ரெடி, யெட், ஜஸ்ட் ஆகியவற்றோடு அமெரிக்கர்கள் ஹேவ் இல்லாமலே பேசுவார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், இரண்டும் புழக்கத்தில் உள்ளவை.

இரண்டாவது, ஹேட். "போன வாரம் கூப்பிட்டிருந்தேன்" என்பதில் வரும் "இருந்தேன்" ஒரு பழைய செயலைச் சற்றுத் தள்ளி நிறுத்திக் காட்டுகிறது. அதற்குத் துணையாக இன்னொரு செயல் தேவையில்லை. ஆங்கில ஹேட் தனியாக நிற்காது. இறந்தகாலத்தில் ஒரு புள்ளி இருக்க வேண்டும், அதற்கும் முன்னால் நடந்ததைத்தான் ஹேட் சொல்லும்: "வென் ஐ ரீச்டு த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்." அந்த இரண்டாவது புள்ளி உங்கள் வாக்கியத்திலோ முந்தைய வரியிலோ இல்லையென்றால் ஹேட்டை அடித்துவிடுங்கள். "ஐ கால்டு யூ லாஸ்ட் வீக்" போதும். தமிழர் எழுதும் அலுவலகக் கடிதங்களில் ஹேட் அளவுக்கு மேல் வருவதற்கு இந்த "இருந்தேன்"தான் காரணம்.

மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு பிழைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "மூன்று வருடமாக வேலை செய்கிறேன்" என்பதில் தமிழுக்கு நிகழ்காலம் போதும். அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலம் "ஹேவ் பீன் வொர்க்கிங்" கேட்கும். அடுத்தது சின்ஸ். இதற்குத் தமிழே கைகொடுக்கும்: "2021இலிருந்து" என்று "இலிருந்து" வந்தால் சின்ஸ், "மூன்று வருடமாக" என்று "ஆக" வந்தால் ஃபார். எனவே "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்." ஒரு எச்சரிக்கை: "ஐ யாம் ஹியர் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மொத்தம் மூன்று நாள் தங்கப் போகிறேன் என்று பொருள். வந்து மூன்று நாளாகிறது என்பதற்கு "ஐ ஹேவ் பீன் ஹியர்". பொருளே மாறிவிடும் இடம் இது.

பதில்: இரண்டாம்_வேற்றுமை

நான்காவது வாக்கியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் ஆர்ட்டிகிள் (எ, ஆன், த) இல்லை, அதனால் நமக்கு வராது என்று சொல்லிப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அந்தப் பாகுபாடு தமிழிலும் இருக்கிறது, வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

"கடிதம் எழுதினேன்."
"கடிதத்தை எழுதினேன்."

முதலாவதைக் கேட்பவர் ஏதோ ஒரு கடிதம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டால் எந்தக் கடிதம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இவை "ஐ ரோட் எ லெட்டர்", "ஐ ரோட் த லெட்டர்". எழுதும் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். செயப்படுபொருளில் "ஐ" உருபு தானாக ஒட்டினால் த. ஒட்டாமல் நின்றால் எ அல்லது ஆன். உங்கள் வாக்கியம் "மேனேஜருக்குக் கடிதத்தை அனுப்புங்கள்" என்ற பொருளில் இருந்தால் "ப்ளீஸ் செண்ட் த லெட்டர் டு த மேனேஜர்".

எ, ஆன் குழப்பத்துக்கும் தமிழ் எழுத்தே அளவுகோல். சொல்லைத் தமிழில் எழுதுங்கள். முதலெழுத்து உயிரெழுத்தானால் ஆன். எம்.எல்.ஏ. எகரத்தில் தொடங்குகிறது, ஆன். ஆனஸ்ட், அதுவும் ஆன். யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம் யகர மெய்யேறித் தொடங்குகின்றன, எ. இதில் ஒரு கண்ணி: ஒன் என்று நாம் எழுதுவதன் உண்மையான ஒலி வகரத்தில் தொடங்கும், ஆகவே "எ ஒன்வே ரோடு". அதே மாதிரி, எக் என்பதை யெக் என்று உச்சரிக்கும் பழக்கம் இருந்தால் "எ யெக்" என்றே வாயில் வரும். உச்சரிப்பைத் திருத்தினால் ஆன் தானே வந்துவிடும்.

பதில்: நடுக்கோடு

"ஐ" சோதனை நல்ல கருவி, ஆனால் எல்லை சொல்லாமல் கொடுத்தால் புதுப் பிழைகளை உண்டாக்கும். மூன்று இடங்களில் உடையும்.

மனிதர்களுக்கு "ஐ" எப்போதும் வரும். "டாக்டரைப் பார்த்தேன்" என்பது எ டாக்டராகவும் இருக்கலாம், த டாக்டராகவும் இருக்கலாம். எழுவாய்க்கு "ஐ" வரவே வராது. "பஸ் வந்தது" என்பதில் சோதனைக்கு வேலையே இல்லை. அங்கே "ஒரு பஸ் வந்தது", "அந்த பஸ் வந்தது" என்று மாற்றிச் சொல்லி எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது பொதுக் கூற்று. "பொய்யை வெறுக்கிறேன்" என்பதில் "ஐ" இருக்கிறது, ஆனாலும் "ஐ ஹெய்ட் லைஸ்"தான். குறிப்பிட்ட பொய் எதையும் சொல்லவில்லை, பொய் என்ற இனத்தையே சொல்கிறோம். அப்போது பன்மை வெறுமனே நிற்கும்.

கேள்வியாளர்: மணல்மேடு

"இருந்தேன்" விளக்கத்தில் கண் திறந்தது, மூவருக்கும் நன்றி. ஆனால் எழுதும் வேகத்தில் இதெல்லாம் நினைவுக்கு வருமா? இப்போது படிக்கும்போது புரிகிறது. நாளை மின்னஞ்சல் எழுதும்போது பழைய கைதான் எழுதும்.

பதில்: வினைமுற்று

வராது. எழுதும்போது நினைவுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் சிக்கல். கோடிட்ட இடப் பயிற்சி, முடிவெடுக்க வேண்டிய இடத்தைக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. சொந்த எழுத்தில் கோடு இல்லை. விதி தெரியாததால் அல்ல, இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்பதே கண்ணில் படாததால்தான் பிழை வருகிறது. எனவே எழுதும்போது ஓடவிடுங்கள். முடித்ததும் குறைந்தது 20 நிமிடம் கழித்து, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேடித் திரும்பப் படியுங்கள்.

முதல் சுற்றில் வினைகள். ஒவ்வொரு வினையையும் அடிக்கோடிட்டு, அதே வாக்கியத்தில் காலச் சொல் எது என்று பாருங்கள். ஹேவ் இருந்து மூடிய பெட்டியும் இருந்தால் ஹேவை நீக்குங்கள். ஹேட் இருந்தால் இரண்டாவது புள்ளியைத் தேடுங்கள். டஸ், டிட் வந்த இடத்தில் அடுத்த வினை வேர்ச்சொல்லாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: "டிட் யூ வென்ட்" அல்ல, "டிட் யூ கோ".

இரண்டாவது சுற்றில் பெயர்ச்சொற்கள். எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் அம்மணமாக நிற்கக் கூடாது; முன்னால் எ, த, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று வேண்டும். "பை பஸ்", "அட் ஹோம்" போன்ற தொடர்கள் விதிவிலக்கு. உங்கள் "செண்ட் லெட்டர் டு மேனேஜர்" இந்தச் சுற்றில் இரண்டு இடத்தில் மாட்டியிருக்கும். எண்ணக்கூடியதா என்ற சந்தேகம் வந்தால், கற்போருக்கான அகராதிகளில் பெயருக்குப் பக்கத்தில் சி அல்லது யு என்ற குறி இருக்கும். சி என்றால் எண்ணலாம், யு என்றால் எண்ணக்கூடாது. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாம் யு. எ போடவும் கூடாது, எஸ் சேர்க்கவும் கூடாது.

மூன்றாவது சுற்று உங்கள் கடைசி வாக்கியத்துக்கானது. "வேர் இஸ் த ஆஃபீஸ்?" தனிக் கேள்வியாகச் சரி. அது "கேன் யூ டெல் மீ" என்பதற்குள் போனதும் கேள்வி வரிசையை இழந்துவிடும்: "கேன் யூ டெல் மீ வேர் த ஆஃபீஸ் இஸ்?" முன்னால் வந்த கேன் யூ ஏற்கெனவே கேள்வியாகிவிட்டது, இன்னொரு முறை புரட்டத் தேவையில்லை.

பழைய கையை மாற்றுவதற்குத் தனியாக ஒரு பயிற்சி. நன்றாக எழுதப்பட்ட ஆங்கிலப் பத்தி ஒன்று, 80 முதல் 100 சொல்வரை. அதை இயல்பான தமிழில் பெயர்த்து எழுதி, மூலத்தை மூடி வையுங்கள். இரண்டு நாள் கழித்து உங்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேறு சொல் போட்டதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹேவ், த, முன்னிடைச்சொல் (டு, ஃபார், அபவுட் போன்றவை) வேறுபட்ட இடங்களை மட்டும் குறியுங்கள். தவறிய வாக்கியம், சரியான வாக்கியம், அதற்குப் பின்னால் மனதில் ஓடிய தமிழ் வாக்கியம் என்று மூன்று பத்திகளில் எழுதி வையுங்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம், அதை விட்டுவிட்டால் வெறும் பிழைப்பட்டியல்தான் மிஞ்சும். இரண்டு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் துரத்துங்கள்.

பதில்: இரண்டாம்_வேற்றுமை

அந்த மூன்றாவது பத்தியில் வேற்றுமை உருபுகளையும் கவனியுங்கள், நிறைய மாட்டும். "எனக்குச் சொன்னார்", "எனக்கு விளக்கினார்" இரண்டிலும் தமிழில் ஒரே "கு". ஆங்கிலத்தில் "டோல்டு மீ", ஆனால் "எக்ஸ்ப்ளெய்ண்டு டு மீ". சஜஸ்ட் என்பதும் எக்ஸ்ப்ளெய்ன் பக்கம்: "சஜஸ்டட் இட் டு மீ".

"பற்றிப் பேசினோம்" என்பதால் "டிஸ்கஸ்டு அபவுட்" என்று வரும். டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே "பற்றி" அடங்கிவிட்டது. "வீ டிஸ்கஸ்டு த ப்ளான்" போதும். பெயர்ச்சொல்லானால் மட்டும் "எ டிஸ்கஷன் அபவுட் த ப்ளான்". ரிக்வெஸ்ட் கதையும் இதுதான்: "ஐ ரிக்வெஸ்டட் எ காப்பி", "எ ரிக்வெஸ்ட் ஃபார் எ காப்பி". வினையைத் தனியாகக் குறித்து வைக்காமல், அடுத்து வரும் இரண்டு சொற்களோடு சேர்த்து எழுதி வையுங்கள்.