ஞானமுத்து தாத்தா குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

பிரின்ஸ்: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் ஞாயிறு நாடகம் இந்த வருஷம் நம்ம குடும்பம். தலைப்பு: "சபை மேற்கே ரோமுக்குப் போகாம கிழக்கே போயிருந்தா?" சபை ஐயர் 20 நிமிஷம்தான் தருவாராம். புதன்கிழமைக்குள்ள ஸ்கிரிப்ட் காட்டணும்

ஸ்டெல்லா அத்தை: 🙏🙏

ராஜன் மாமா: யாரு எழுதுறா

பிரின்ஸ்: எட்வின் சித்தப்பா

ராஜன் மாமா: அப்போ 20 நிமிஷம் முன்னுரைக்கே பத்தாது

எட்வின் சித்தப்பா: முதல்லயே சொல்லிடுதேன். இயேசு பிறந்த ஊர்ல கை வைக்காதீங்க. எருசலேம், அந்தியோகியா வரைக்கும் அப்படியே இருக்கட்டும். அதுக்கப்புறம் பாதை எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதை மட்டும் மாத்தணும். ரொம்பக் கற்பனையும் தேவையில்ல, பாதி நடந்ததுதான். எதேசா, இன்னைக்குத் துருக்கியில இருக்கிற ஊர்ஃபா, அங்க 201-ல வெள்ளம் வந்து கிறிஸ்தவங்க ஆலயம் சேதமாச்சுன்னு அந்த ஊர் நாளாகமமே சொல்லுது. ரோம் ராஜ்யத்துல சபைக்குச் சட்டப்படி இடம் கிடைக்க 313 வரணும்.

ஜெபா அக்கா: அப்போ தலைமை எதேசாவா சித்தப்பா?

எட்வின் சித்தப்பா: அங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. எதேசா 214 வாக்கிலேயே ரோம் கைக்குப் போயிட்டு. அதைத் தலைமையாக்கினா மறுபடியும் ரோமுக்குள்ளதான் நிக்கோம். டைகிரிஸ் ஆத்துக் கரையில செலூக்கியா-டெசிபோன், பாரசீகத் தலைநகரம், அதை வைங்க. நிஜமாவே 410-ல கிழக்குச் சபை ஆயர்கள் கூடிச் சட்டம் போட்ட இடம் அது.

ஸ்டெல்லா அத்தை: அன்னைக்கு அசனம் உண்டா

பிரின்ஸ்: அத்தை அது அடுத்த மாசம்

ஸ்டெல்லா அத்தை: போன தடவை சாம்பார் பத்தலை. பந்தி பந்தியா நம்ம வீட்டு ஆளுகளுக்கே கிடைக்கல

ராஜன் மாமா: முன்வரிசையில உக்காந்தவங்களுக்குக் கிடைச்சுதே

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கிரேஸ் மைனி: என்ன போட்டு அழிச்சீங்க 😄

எட்வின் சித்தப்பா: விஷயத்துக்கு வாங்க. எந்த வருஷத்தை மாத்தப் போறோம்? ஒண்ணே ஒண்ணுதான் மாத்தலாம். ரெண்டை மாத்தினா கதை எங்க உடைஞ்சுதுன்னு பாக்கிறவங்களுக்குப் பிடிபடாது. என் ஓட்டு 312. ரோம் ராஜா கான்ஸ்டன்டைன் சிலுவைப் பக்கம் வரவே இல்லைன்னு வைங்க. நிஜத்துல அவரு பாரசீக ராஜா ரெண்டாம் ஷாபூருக்குக் கடிதம் எழுதி, உங்க நாட்டுக் கிறிஸ்தவங்களைப் பாத்துக்கோங்கன்னாரு. நல்ல எண்ணம்தான். ஆனா ரெண்டு நாட்டுக்கும் ஜென்மப் பகை. எதிரி ராஜா சிபாரிசு பண்ற கூட்டம்னா உளவாளின்னுதானே நினைப்பான்? 340 வாக்கில யுத்தச் செலவுக்குக் கிறிஸ்தவங்க மேல ரெட்டை வரி. ஆயர் சிமியோன் வசூல் பண்ணிக் குடுக்க மாட்டேன்னாரு, உயிர் போச்சு. ஷாபூர் 379-ல சாகிற வரைக்கும் உபத்திரவம் ஓயல. 312 இல்லைன்னா இந்தச் சந்தேகமே வராது.

ஜெபா அக்கா: கார்திர் கல்வெட்டு?

பிரின்ஸ்: அது யாரு

ஜெபா அக்கா: பாரசீகத்தை ஆண்ட சாசானியர் வம்சத்தோட பெரிய பூசாரி. கிறிஸ்தவங்களை அடிச்சு நொறுக்கினேன்னு கல்லுலேயே வெட்டி வச்சிருக்காரு. 3-ஆம் நூற்றாண்டு கடைசி. கான்ஸ்டன்டைன் வர்றதுக்கு முன்னாடியே. அதனால 224-ஐ மாத்துங்க. அந்த வருஷம்தான் அதுக்கு முந்தி ஆண்ட பார்த்தியர் தோத்து சாசானியர் வந்தாங்க. பார்த்தியர் யாரு எதைக் கும்பிட்டாலும் பெருசாக் கண்டுக்கல

எட்வின் சித்தப்பா: 224-னா மேடையில ஒரு போர் வேணும். குதிரைக்கு எங்க போக

ராஜன் மாமா: நம்ம குடும்பத்துல போருக்குக் குதிரை எதுக்கு

கிரேஸ் மைனி: 😂😂

எட்வின் சித்தப்பா: உடுப்பு. தயவுசெஞ்சு யாரும் பெட்ஷீட்டைத் தோள்ல சுத்திட்டு வராதீங்க. எதேசாவுல கிடைச்ச மொசைக் படங்கள்ல ஆம்பிளைங்க முழங்கால் வரைக்கும் சட்டை, உள்ளே கால்சட்டை. குர்த்தா பைஜாமா போதும், இடுப்புல துணிக் கச்சை. பொம்பிளைங்களுக்கு உயரமான தலைக்கட்டு, சார்ட் பேப்பரைச் சுருட்டி மேல துணி சுத்துங்க. கோபுரம், மணி, பெஞ்சு ஒண்ணும் வரையக்கூடாது. ஐபிராத்து ஆத்துக் கரையில துரா யூரோப்போஸ்னு ஒரு ஊர்ல சாதாரண வீட்டையே ஆலயமா மாத்தியிருக்காங்க. ரெண்டு அறைக்கு நடுச்சுவரை இடிச்சு ஒரே கூடம், 65, 70 பேர் உக்காரலாம். பக்கத்து அறையில ஞானஸ்நானத் தொட்டி, சுவர்ல நல்ல மேய்ப்பன் படம். 256-ல பாரசீகப் படை முற்றுகைக்குப் பயந்து கோட்டைச் சுவரோரம் இருந்த வீடுகளை மண்ணைப் போட்டு மூடினாங்க. அதனாலதான் அழியாமக் கிடந்து பின்னால தோண்டி எடுக்க முடிஞ்சுது.

கிரேஸ் மைனி: திருவிருந்து அப்பம்?

எட்வின் சித்தப்பா: புளிச்ச மாவு. கிழக்குச் சபையில பழைய மாவுல கொஞ்சம் எடுத்து வச்சுப் புதுசுல சேர்ப்பாங்க, நம்ம தோசை மாவுக்கு உறை ஊத்துற கணக்கு. வருஷா வருஷம் பெரிய வியாழன் அன்னைக்குப் புதுப்பிக்கணும். மெல்லிசு அப்ப வில்லை வேண்டாம், சின்ன பன் வாங்குங்க. வேதாகமக் காட்சியும் ஒண்ணு வைங்க. பழைய பெஷித்தாவுல, அதான் சிரியாக் மொழி வேதாகமத்துல, புதிய ஏற்பாடு 22 புஸ்தகம்தான். 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் கிடையாது.

ஸ்டெல்லா அத்தை: வெளிப்படுத்தல் இல்லையா!!!

ராஜன் மாமா: அப்போ 666 இல்ல. கன்வென்ஷன் கூட்டத்துல என்னத்தப் பேசுவாங்க

ஸ்டெல்லா அத்தை: ராஜன் வாயைக் கழுவு

பிரின்ஸ்: பாட்டு?

ஜெபா அக்கா: எபிரேம் பாட்டு. சிரியாக் மொழியில பக்திப் பாட்டு எழுதினவர். 363-ல ரோம் கையில இருந்த நிசிபிஸ் பட்டணம் பாரசீகத்துக்குப் போனதும் எதேசாவுக்கு வந்தவர், 373-ல இறந்தார். பொம்பிளைங்க பாடகர் குழு வச்சுப் பாட வச்சார்னு சொல்லுவாங்க. ஒருத்தர் சரணம், மத்தவங்க பல்லவி. நாலு பேர் போதும். ஆர்மோனியம் வேணும்

கிரேஸ் மைனி: தாத்தா ஆர்மோனியம் யார் வீட்ல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

ராஜன் மாமா: ரிப்பேர்ல இருக்கு

கிரேஸ் மைனி: ஆறு வருஷமாவா

ஸ்டெல்லா அத்தை: இதைப் பத்தி இங்க பேச வேண்டாம் 🙏

எட்வின் சித்தப்பா: அந்தக் காலத்துல ஆர்மோனியமே கிடையாது. வெறும் குரல்ல பாடுங்க, பிரச்சினை முடிஞ்சுது.

ராஜன் மாமா: 👍👍👍

பிரின்ஸ்: சிலுவை?

எட்வின் சித்தப்பா: இயேசு உருவம் இல்லாத வெறும் சிலுவை. பரங்கிமலை ஆலயத்துல பஹ்லவி, அதான் பழைய பாரசீக எழுத்து வெட்டின கல் சிலுவை இருக்குல்லா, 1547-ல கிடைச்சது, அதைப் பாத்து வெட்டு. நாலு முனையும் மொட்டு மாதிரி விரியும். தெர்மாகோல் 2 இன்ச் தடிமன்ல வாங்கு, மெல்லிசா இருந்தா மொட்டு ஒடிஞ்சிரும். ஸ்ப்ரே பெயின்ட் நேரா அடிச்சா தெர்மாகோல் கரைஞ்சிரும், முதல்ல பெவிகால்ல பேப்பர் ஒட்டு.

பிரின்ஸ்: ஐயர்ட்ட போன்ல பேசினேன். வெளிப்படுத்தல் காட்சி வேண்டாங்காரு. சபையார் தப்பா எடுப்பாங்களாம்

எட்வின் சித்தப்பா: அதை எடுத்தா அப்புறம் என்ன மிச்சம். நான் அவர்ட்ட பேசுதேன்.

ராஜன் மாமா: ஐயரு மாற்றல் கேட்டுட்டுப் போயிருவாரு

ஜெபா அக்கா: 224-ஆ 312-ஆ?

எட்வின் சித்தப்பா: ரெண்டையும் எழுதிப் பாப்போம்.

ஜெபா அக்கா: ஒண்ணுதான் மாத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க

ஸ்டெல்லா அத்தை: சனிக்கிழமை ஒத்திகை யார் வீட்ல

கிரேஸ் மைனி: மாமா வீட்ல வைப்போம். ரிப்பேரையும் பாத்த மாதிரி இருக்கும்

ராஜன் மாமா: சனிக்கிழமை நாங்க ஊர்ல இல்ல

பிரின்ஸ்: தெர்மாகோல், பெயின்ட் காசு யார் தர்றா

பிரின்ஸ்: ஹலோ?