விடுமுறை நாள் தன்னார்வப் பணி: ஆசிரியருக்கு ஆதாயமா, கூடுதல் சுமையா?

திருமங்கலம் தமிழாசிரியை:
வகுப்புக்கு வெளியே உழைக்கும் ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது ஊருக்கு என்ன கிடைத்தது என்றே எல்லாரும் கேட்கிறார்கள். ஆசிரியருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பாரில்லை. பூப்பறிக்கும் பெண்களுக்கு மாலை வேளைகளில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மல்லிகை அரும்பு விரிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்குகிறார்கள் என்பதையும், வரத்து மிகும் பங்குனி, சித்திரையில் பிள்ளைகளும் மடியைக் கட்டிக்கொண்டு கூடவே பறிக்கிறார்கள் என்பதையும் அங்கே போன பிறகுதான் அறிந்தேன். முதல் பாடவேளையில் கண் சொருகும் பிள்ளையைச் சோம்பேறி என்பவர்கள் உண்டு. நான் அந்த மாதங்களில் சொல்வதெழுதலை மூன்றாம் வேளைக்குத் தள்ளிவிட்டு, முதல் வேளையில் எல்லாரையும் நிற்கவைத்துச் செய்யுள் சொல்லவைக்கிறேன். இத்தகைய பணியைப் பணியிடைப் பயிற்சி நேரமாகவே கணக்கிடலாம் என்பது என் கருத்து.

மேலூர் கணக்காசிரியர்:
அம்மையாரின் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிரக் கல்விசாராப் பணி எதிலும் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மூன்றே போதும். ஒருவர் விரும்பிச் செய்வது அடுத்த ஆண்டு அனைவர் தலையிலும் விழுவதைக் கண்டவன் நான்: இரவு வாட்ஸ்அப் குழுவில் தகவல் வரும், மறுநாள் ஒளிப்படம் அனுப்பியாக வேண்டும். வீட்டு வேலையும் சேர்ந்த ஆசிரியைகளுக்கு அது இரட்டைச் சுமை. மேலும், பெற்றோரின் நிலையை அறியப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே; அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தாம்.

திருமங்கலம் தமிழாசிரியை:
அந்தக் கூட்டத்தை நீங்களும் நடத்தியிருப்பீர்கள், ஐயா. ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, தீர்மான நோட்டில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுப் போகிறார். "பிள்ளை ஏன் தூங்குகிறான்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். தோட்டத்து வரப்பில் நான்தான் விவரம் அறியாதவள். அங்கே அவர்களே எடுத்துச் சொல்கிறார்கள்.

அறிவொளிப் பழையவர் (ஓய்வு):
தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு எழுத்தறிவூட்டும் அறிவொளி இயக்கம் நடந்து, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பலரும் அறிவர். ஆசிரியர்கள் கற்றதை யாரும் பேசுவதில்லை. வளர்ந்தவர்கள் அரிச்சுவடி வரிசைக்குக் காத்திருக்கமாட்டார்கள். தம் பெயரையும் பேருந்துப் பலகையையும் முதலில் கேட்பார்கள். தேவையிலிருந்து தொடங்கும் அந்தப் பழக்கத்தைப் பலர் ஒன்றாம் வகுப்புக்கும் கொண்டுபோனார்கள்.

கல்வெட்டு நடை நடத்தும் ஆசிரியர்:
2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கும் அருகிலுள்ள மாங்குளம் மலைக்கும் விடுமுறையில் சிறுவர்களை அழைத்துச் செல்கிறேன். பழைய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளில் புள்ளி கிடையாது; எது மெய், எது உயிர்மெய் என்பதை இடம் நோக்கித்தான் கொள்ள வேண்டும். அங்கே எழுத்துக்கூட்டித் தடுமாறிய பிறகு, புள்ளியை விட்டுவிட்டு எழுதும் மாணவனிடம் எனக்கு எரிச்சல் வருவதில்லை.

மேலூர் கணக்காசிரியர்:
கல்வெட்டு வாசிப்பதில் எனக்கும் ஆசை உண்டு, அதற்குத் தன்னார்வப் பணி என்ற பட்டம் தேவையில்லை. பெரியவர் சொன்ன அறிவொளியில் விரும்பியவர்கள் வந்தார்கள். அதனால்தான் பலன் கிடைத்தது. என் எதிர்ப்பு அம்மையாரின் மாலைப்பொழுதின் மீதன்று, பயிற்சி நேரமாகக் கணக்கிடலாம் என்ற அந்த ஒரு வரியின் மீதே. கணக்கென்று வந்தால் படிவம் வரும். படிவம் வந்தால் வராதவர் பெயரைத் தனியே எழுதச் சொல்வார்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய ஆசிரியை முதலில் அந்தப் பட்டியலில் இருப்பார்.

திருமங்கலம் தமிழாசிரியை:
அந்த வரியை விட்டுக்கொடுக்கிறேன். பதிவேடும் வேண்டாம், ஒளிப்படமும் வேண்டாம். ஆனால் நான் தோட்டத்துக்குப் போகும் நாளில் நான்கரை மணிக்கு மேல் நடக்கும் கூட்டத்திலிருந்து விலக்குக் கேட்டால், அதையும் சலுகை என்று எதிர்ப்பீர்களா?

மேலூர் கணக்காசிரியர்:
நான்கரை மணிக்கு மேல் கூட்டமே கூடாது என்பேன்; போகிறவருக்கும் போகாதவருக்கும் சேர்த்துத்தான்.