ஷேவிங் என்றாலே நினைவுக்கு வந்து உறுத்தும் ஒரு ஆள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திருவொற்றியூர் நுரை

நானே ஆரம்பிக்கிறேன். 2019 கோடை. லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடிய நேரம். எனக்கோ அப்போதுதான் இந்த ஷேவிங் பைத்தியம் முற்றியிருந்தது. பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ், டப்பா சோப்பு, ஜப்பான் ஃபெதர் பிளேடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தேரடிப் பக்கம் சின்ன வயதிலிருந்து முடி வெட்டிக்கொள்ளும் சலூனுக்குப் போனேன். வீட்டில் நுரை வரவில்லை, அவர் கையிலாவது வருகிறதா பார்க்கலாம் என்று. பொய் எதற்கு, சாமான்களைக் காட்டிக்கொள்ளவும்தான்.

அண்ணன் ஃபெதரைக் காகிதத்தோடு வளைத்து இரண்டாக ஒடித்தார். எனக்குப் பகீர் என்றது. பாதியைக் கத்தியில் மாட்டிவிட்டு, "மிச்சத்த எடுத்துக்கிறியா?" என்றார். பெரிய வள்ளல் மாதிரி, "நீங்களே வச்சுக்கோங்கண்ணே" என்றேன். பிரஷைச் சுற்றினார். திரிந்த பால் மாதிரி ஏதோ வந்தது. "உப்புத் தண்ணி தம்பி, இதுல எந்த சோப்பும் நுரைக்காது."

நான் சும்மா இருந்திருக்கலாம். பிரஷை இன்னும் ஊற வைக்க வேண்டும், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும் என்று நாற்பது வருடம் கத்தி பிடித்தவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் பதில் பேசவில்லை. மூலையில் ஒரு தண்ணீர் கேன், அடியில் நாலு விரல் உயரம்தான் மிச்சம். அதைச் சாய்த்து அரை டம்ளர் பிடித்தார். அந்தத் தண்ணீரில் வந்தது பாருங்கள் நுரை, தயிர் மாதிரி கட்டியாக!

கண்ணாடியில் நான் என் மூஞ்சியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் வந்தபிறகுதான் உறைத்தது, அது அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

பாதி பிளேடு

முதலில் ஒரு திருத்தம். உப்பு மட்டும் காரணம் இல்லை. நம் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகிவிடும், நுரைக்கச் சோப்பு மிச்சமிருக்காது. பாத்ரூம் வாளி ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பதும் அதுதான். காய்ச்சினால் சரியாகும் என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம்தான் குறையும். ஒரு சொம்பு கேன் தண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள். பிரஷை நனைக்கவும் நுரை கட்டவும் மட்டும் அது, முகம் கழுவக் குழாய்த் தண்ணீர் போதும். இல்லையா, ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் போட்டுப் பாருங்கள். சிட்டிகைதான், ஸ்பூன் இல்லை. பேட்ஜர் பிரஷ் தண்ணீரை நிறையக் குடிக்கும், நம் ஏரியாவுக்கு சிந்தெடிக் பிரஷே லாபம். ஷேவ் முடிந்ததும் படிகாரம் தேய்த்தால் போதும், பாட்டிலில் வருகிற லோஷனுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

என் கதை? மேலே சொன்னது எல்லாவற்றையும் எனக்குச் சொன்னது வண்ணாரப்பேட்டையில் ஒரு சோப்புக் கடைக்காரர். அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டை கதவு ரேசர்

வாத்தியாரே, அவர் தண்ணீர் டெஸ்ட் ரிசல்ட்டா கேட்டார்?

என்னுடையது மூர் மார்க்கெட். 1985-இல் எரிந்த பழைய கட்டடம் இல்லை, அதற்குப் பதிலாக வந்த அல்லிக்குளம் பக்கம், நடைபாதையில். சைக்கிள் பெல், மூக்குக் கண்ணாடி, கரண்டி எல்லாம் கிடந்த சாக்கின் மேல் ஒரு ஜில்லெட். அடிக்குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்குமே, அந்த ரகம். 1930-களிலிருந்து போட்டது, நம்மில் பாதிப் பேர் அதைத் தேடித்தான் அலைகிறோம். பேரம்கூடப் பேசவில்லை, எங்கே விலையை ஏற்றிவிடுவாரோ என்று பயம்.

வீட்டுக்கு வந்து திருகினேன். கதவு பாதியில் சிக்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் திறந்தது. உள்ளே துருப்பிடித்த பிளேடு. அதன் மேல் காய்ந்த சோப்பு, சோப்பில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பொடிமுடி.

யாரோ ஒரு பெரியவர். அந்தக் கடைசி நாளில் அலசி வைக்காமல் விட்டிருக்கிறார். அப்புறம் அலசிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். இரண்டு வருடமாக அலமாரியில் இருக்கிறது. சுத்தம் செய்து பளபளவென்று ஆக்கிவிட்டேன், ஆனால் முகத்தில் வைக்க மட்டும் முடியவில்லை.

பாதி பிளேடு

கொதிக்கிற தண்ணீரில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், கடைசியில் ஸ்பிரிட். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், முலாம் கெட்டுவிடும்.

ராயபுரம் மகள்

இங்கே பெண்கள் எழுதுவார்களா தெரியவில்லை. ஆறு மாதமாகப் படிக்க மட்டும் செய்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஷேவ் செய்ய ஆள் கிடைக்கவில்லை. நீங்கள் எல்லாம் எழுதியதைப் படித்துத்தான் பிளேடை 30 டிகிரி சாய்ப்பது, அழுத்தாமல் ரேசரின் கனத்துக்கே விடுவது, முடி வளரும் பக்கமாகவே இழுப்பது எல்லாம் கற்றேன். முதலில் என் கால் மேல் பழகினேன், சிரிக்காதீர்கள்.

கன்னம் முடிந்தது, தாடை முடிந்தது. மீசை இடத்துக்கு வந்ததும் கை நடுங்கியது. அப்பா மூக்கைத் தொட எனக்கு என்னவோ கூச்சம், அதுவரை தொட்டதே இல்லை. ரேசரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே இடது கையைத் தூக்கினார். மூக்கு நுனியைத் தானே பிடித்து மேலே தூக்கி, மேலுதட்டை இறக்கி, எனக்கு வழி விட்டுக் காத்திருந்தார். பேச்சே வராத நேரம் அது.

பாதி பிளேடு

சகோதரி, முக்கியமான விஷயம். பக்கவாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்க நேரமாகும். அதனால்தான் பிளேடு வேண்டாம், எலக்ட்ரிக் ஷேவரோ ட்ரிம்மரோ போதும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். படிகாரக் கட்டி பக்கத்திலேயே இருக்கட்டும். கழுத்தில் மட்டுமாவது

திருவொற்றியூர் நுரை

அண்ணே, போதும்.

ராயபுரம் மகள்

பரவாயில்லை, அக்கறையாகத்தான் சொல்கிறார். டாக்டரும் அதையேதான் சொன்னார், ட்ரிம்மர் வாங்கினோம். அந்தச் சத்தம் கேட்டாலே அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பிரஷைக் கிண்ணத்தில் சுற்றும் சத்தம் கேட்டால் திரும்புவார்.