புதுப்பிப்பு: எம்.ஏ.வில் 53 சதவீதம், தத்துவத்தில் பிஎச்.டி. இடம் கிடைத்தது

"எம்.ஏ. தத்துவத்தில் 53 சதவீதம்தான், பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாமா?" என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது, ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவுக்கான மதிப்பெண் தளர்வைப் பற்றிச் சொன்ன நண்பரின் யோசனைதான். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பொதுவாக 55 சதவீதம் வேண்டும். கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவு) வராத ஓபிசிக்கு 50 போதும். ஆனால் ஒரு சிக்கல். நான் சேர்ந்தது மத்தியப் பல்கலைக்கழகம். கையில் இருந்த தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. இதை முதலிலேயே முடித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்காதீர்கள்.

மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண் வழியாக: மொத்த மதிப்பீட்டில் நெட்டுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30. நெட்டில் "பிஎச்.டி.க்கு மட்டும்" என்ற பிரிவில் தேறியவர்களுக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும்.

பிஎச்.டி.க்கு முன்பு படிக்கும் ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். இல்லையே என்ற கவலை வீண். அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

கோர்ஸ்வொர்க் (பிஎச்.டி.யில் முடிக்க வேண்டிய வகுப்புப் பாடங்கள்) குறைந்தது 12 கிரெடிட், அதிலும் 55 சதவீதம் எடுக்க வேண்டும். எதிர்பாராதது, ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற 2 கிரெடிட் பாடம். எல்லாத் துறையினருக்கும் கட்டாயம். அதன் முதல் அலகே தத்துவ அறிமுகம்! வேதியியல்காரர்களோடு உட்கார்ந்து 'தத்துவம் என்றால் என்ன' என்று மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.