அயனிப் பொறியா, அயனிப் பட்டியா?

அனைவருக்கும் வணக்கம்.

மின்னூட்டம் கொண்ட அணு, மூலக்கூறுகளை (அயனிகளை) அடைத்து வைக்கும் ion trap என்ற கருவிக்கு ‘அயனிப் பொறி’ என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கிருஷ்ணகிரி அண்ணன் கேட்டிருந்தார். அந்தச் சொல் தவறில்லை. ஆனால் இயந்திரம், தீப்பொறி, ஐம்பொறி என்று ‘பொறி’ ஏற்கெனவே பல பொருள் சுமக்கிறது. ‘அயனிப் பொறி’ என்றால் விண்கலத்தை உந்தும் இயந்திரம் என்றும் ஒரு மாணவர் படித்துவிடலாம். என் பரிந்துரை ‘அயனிப் பட்டி’.

கருவி செய்யும் வேலையைப் பாருங்கள். இதில் ஒரு வகையான பென்னிங் பட்டியில் (Penning trap) வலுவான காந்தப்புலம் அயனியை வட்டமடிக்க வைக்கிறது. மேலும் கீழும் நழுவிவிடாமல் மின்புலம் மறிக்கிறது. சுவரில் பட்டால் அயனி போச்சு. மின்னூட்டம் ஒன்றாக இருந்தால், நிறை கூடக் கூடச் சுற்று மெதுவாகும். அயனியின் அசைவு மின்வாயில் (electrode) தூண்டும் மிகச் சிறு மின்னோட்டத்தைக் கவனித்து, நொடிக்கு எத்தனை சுற்று என்று கணித்தால் நிறை கிடைத்துவிடும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் புரோட்டானை, எலக்ட்ரான் எல்லாம் உரித்த கார்பன்-12 அணுக்கருவோடு இப்படி ஒப்பிட்டார்கள். 2017-இல் வந்த விடை 1.007276466583 அணு நிறை அலகு. ‘பொறி’ என்றால் பிடிப்பது மட்டுமே தெரிகிறது. பிடித்த பிறகு வைத்திருப்பதுதான் இங்கே முக்கியம். ஆட்டுப்பட்டி தருமபுரிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: உள்ளே நடமாடலாம், வெளியே போக முடியாது.

ஊர்ப்பெயரோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. முன்னால் ‘அயனி’ நிற்கிறதே. வினையும் எளிதாக வருகிறது: பட்டியில் அடைத்தல், அடைபட்ட அயனி.

காந்தம் இல்லாமல் மாறுமின்புலத்தாலேயே அடைப்பது மற்றொரு வகை. அதைக் கண்ட வொல்ஃப்காங் பவுல் 1989-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் பெயரைப் ‘பால்’ என்று எழுத வேண்டாம். ‘பால் பட்டி’ என்றால் கறவை மாடுதான் நினைவுக்கு வரும். ஜெர்மன் ஒலிப்பிலேயே ‘பவுல் பட்டி’ என்போம். ஒரு புரோட்டான், ஒரு டியூட்ரான் (கன ஹைட்ரஜனின் அணுக்கரு), ஒரு எலக்ட்ரான் மட்டும் கொண்ட மூலக்கூறு அயனியை இதில் அடைத்து, அதன் சுழற்சியை டூசல்டோர்ஃபிலும் அதிர்வை ஆம்ஸ்டர்டாமிலும் அளந்தார்கள். 2020-இல் இரண்டு வழியிலும் புரோட்டான்–எலக்ட்ரான் நிறை விகிதம் 1836.15267 என்றே வந்தது. பென்னிங் பட்டி அளவீடுகளோடும் அது ஒத்துப்போகிறது. இப்படி மூலக்கூறின் சுழற்சி, அதிர்வை அளக்கும் துறைக்கு ‘மூலக்கூறு நிறமாலையியல்’ நிலைத்த சொல், அதைத் தொட வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. அந்த மூலக்கூறு அயனியை லேசரால் நேரே குளிர்விக்க முடியாது. பக்கத்தில் பெரிலியம் அயனிகளை அடைத்து அவற்றைக் குளிர்விக்கிறார்கள். கூடவே இதுவும் குளிர்கிறது. இதற்கு ‘உடன்குளிர்வு’ சரியாக வருமா?