நீரற்ற அலுமினியம் குளோரைடு சேர்த்தும் அசைலேற்றம் நடக்கவில்லை, உதவுங்கள்

வினைக்குடுவை: பென்சீனையும் அசெட்டைல் குளோரைடையும் கொண்டு, அசைலேற்றம் (பென்சீன் வளையத்தில் அசைல் தொகுதியைச் சேர்க்கும் வினை) வழியாக அசெட்டோஃபீனோன் தயாரிக்கிறேன். அலுமினியம் குளோரைடு சேர்த்தும் விளைபொருள் மிகச் சொற்பமாகவே கிடைக்கிறது. அவசரம், காரணம் சொல்லுங்கள்.

நீலலிட்மஸ்: எத்தனை கிராம் சேர்த்தீர்கள்? புட்டியில் இருப்பது நீரற்றதா, ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த ஹெக்ஸாஹைட்ரேட்டா? மூடியைத் திறந்ததும் புகைகிறதா?

உலர்குழாய்: ஈரம்தான் காரணம், ஐயமே வேண்டாம். உப்பைச் சட்டியிலிட்டுச் சூடாக்கி உலர்த்திவிட்டு மீண்டும் செய்து பாருங்கள்.

வினைக்குடுவை: நீரற்றதுதான், திறந்ததும் புகைகிறது. அசெட்டைல் குளோரைடு 7.85 கிராம், அலுமினியம் குளோரைடு 1.3 கிராம்.

பழைய பியூரெட்: 'வினையூக்கி' என்று பாடநூலில் படித்தவுடன் சிட்டிகையளவு போதும் என்று முடிவுகட்டுவோர் இங்கே ஓயாமல் வந்துகொண்டிருக்கிறார்கள். அல்கைல் தொகுதியைச் சேர்க்கும் அல்கைலேற்றத்துக்கு அது பொருந்தும். அசைலேற்றத்திலோ, உண்டாகும் கீட்டோன் (இங்கே அசெட்டோஃபீனோன்) தன் ஆக்ஸிஜன் வழியாக அலுமினியத்துடன் இணைந்து அணைவுச் சேர்மம் அமைத்து அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால், ஒரு மோல் அசெட்டைல் குளோரைடுக்கு ஒரு மோலைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நீங்கள் சேர்த்தது பத்தில் ஒரு பங்கு, 14.7 கிராம் எடுங்கள். இறுதியில் பனிக்கட்டியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்ததில் ஊற்றினால்தான் அணைவு உடைந்து கீட்டோன் வெளிவரும்.

உலர்குழாய் அவர்களே, ஹெக்ஸாஹைட்ரேட்டைச் சூடாக்கினால் நீர் மட்டும் தனியே போகாது. ஹைட்ரஜன் குளோரைடும் வெளியேறி, கடைசியில் அலுமினாவே (அலுமினியம் ஆக்சைடு) எஞ்சும்.

உலர்குழாய்: பல அயனி உப்புகளைச் சூடாக்கித்தானே உலர்த்துகிறோம்?

இருபடி: இதை அயனி உப்பு என்பதே தவறு. சுமார் 180 பாகை செல்சியஸில் பதங்கமாகிறது. உருகிய நிலையில் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துகிறது. அப்போது இருப்பவை இரண்டு அலுமினிய அணுக்கள் கொண்ட இருபடி மூலக்கூறுகள்.

நீலலிட்மஸ்: திண்மப் படிகத்தில் ஒவ்வோர் அலுமினியத்தையும் 6 குளோரின்கள் சூழ்ந்துள்ளன. அதை விட்டுவிட்டு உருகிய நிலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

வினைக்குடுவை: 14.7 கிராம் எடுத்து, குளிர்நீர்த் தொட்டியில் வைத்துச் செய்தேன். பனிக்கட்டியில் ஊற்றியபோது சீறியது. எண்ணெய்ப் படலம் நன்றாகப் பிரிந்தது. நன்றி.

இருபடி: மகிழ்ச்சி. நீலலிட்மஸ் அவர்களே, 6 குளோரின்கள் சூழ்ந்திருப்பதால் மட்டும் பிணைப்பு அயனிப் பிணைப்பாகிவிடாது.