மனையில் உட்கார முடியாத தாய்மாமன்

கரூர் மாமன்:
வலது இடுப்பு, முழு மூட்டு மாற்று, அப்போது ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது வாரம். பின்பக்கமாகக் கீறியிருந்தார்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் அவர்கள் வீட்டாரும் இருக்கும் குழு இது, மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்: 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் கூடாது, சம்மணம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

தங்கை மகளுக்குக் காதுகுத்து, குலதெய்வக் கோயிலில். தோடு வாங்கி, சீர்த்தட்டு அடுக்கி எல்லாம் ஆயிற்று. என் மகன் கைவைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய், மேலே இரண்டு தலையணை போட்டு உயர்த்தி வைத்தான். ஆசாரி ஊசியும் சந்தனமுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கையின் மாமியார் "பிள்ளை திமிறும், தம்பிக்குக் காலில் பட்டுவிடப் போகிறது" என்றார். அவ்வளவுதான். சித்தப்பா மகன் மனையில் உட்கார்ந்தான், தங்கை குழந்தையை அவன் மடியில் வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டு என் பக்கம் இரண்டு கையையும் நீட்டியது. நான் கொலுப்பொம்மை மாதிரி தலையணைமேல் இருந்தேன்.

அவள் செய்ததில் தப்பில்லை என்று புத்தி சொல்கிறது. நான்கு மாதமாகியும் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

அடுப்படிக்காரி:
உங்களுக்கு மடி, எனக்கு ஒரு வெங்காயம். ஐந்தாவது வாரம், நின்றபடி செய்யும் வேலை செய்யலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன மறுநாள். வாக்கரைப் பிடிக்கவே இரண்டு கையும் போய்விடும் என்பதால் அதில் ஒரு துணிப்பையைக் கட்டி, அதில் காய் போட்டு நகர்த்திக்கொண்டிருந்தேன். வெங்காயம் ஒன்று நழுவி உருண்டுபோய் சிலிண்டர் ஓரத்தில் நின்றது. நான் குனியக் கூடாது. மகள் போனில் பேசியபடியே அதைத் தாண்டிப் போனாள். பேரன் ஓர் உதை விட்டதில் அது நடு அடுப்படிக்கு வந்தது. கடைசியில் அவர் வந்தார். கீழே பார்த்தார், பார்த்தே தாண்டினார், "காபி ஆயிற்றா?" என்றார்.

35 வருடமாக இந்தத் தரையில் விழுந்ததையெல்லாம் எடுத்தது நான் ஒருத்திதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வேண்டுமென்றே யாரிடமும் சொல்லவில்லை. 11 மணியிலிருந்து 2 மணி வரை அங்கேயே கிடந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
எனக்கு 2019-இல் இடது பக்கம். நலமாக இருக்கிறேன். என் கதை அவ்வளவுதான்.

மாமன் அவர்களே, இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-இல் இந்த மூட்டை உருவாக்கியபோது மனையில் உட்காரும் தாய்மாமன்களை நினைத்திருக்க மாட்டார். தங்கையைக் குறை சொல்லாதீர்கள். கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்? வலது இடுப்பு என்றால் இடது கையில்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில். நாற்காலியிலிருந்து எழும்போது அந்தக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கைப்பிடியை ஊன்றி எழுங்கள். கமோடுக்குமேல் வைக்கும் உயர இருக்கை வாங்கியாயிற்றா? கால்மிதி விரிப்புகளைச் சுருட்டிப் பரண்மேல் போடுங்கள், வழுக்கிவிடுவது அவைதான். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், தைலம் தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அம்மணி, உங்களுக்கு: கீழே விழுந்ததை எடுக்க நீளக் கைப்பிடிக் கிடுக்கி கிடைக்கிறது.

கடைக்குட்டி:
சார், அவர்கள் கேட்டது கிடுக்கியா? உங்கள் மருத்துவர் சொன்னதெல்லாம் ஊருக்கே பொது என்றும் எழுதாதீர்கள். முன்பக்கமாகக் கீறியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகளில் பல இருப்பதில்லை. என் அப்பா குளியலறையில் விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்து, இடுப்பு மூட்டின் பந்தை, அதாவது அந்த எலும்பின் உருண்டைத் தலையை, மட்டும் மாற்றினார்கள். அது பொருந்தும் கிண்ணம் அவருடையதுதான். அவருக்குச் சொன்ன விதிகள் வேறு.

ஆனால் பாதம் எட்டாதது எல்லோருக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. இரண்டாம் மாதம் அவர் கால் நகம் போர்வையில் மாட்டி நூலை இழுத்தது. நகவெட்டியோடு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன். என் தலைமயிரை வாரிவிட்டதுகூட இல்லாத மனிதர். குதிகாலைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்ததும் "வேண்டாம் தம்பி, நாவிதரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்றார். கட்டைவிரல் நகம் கொம்பு மாதிரி, மூன்று தடவை வெட்டியும் போகவில்லை. வெந்நீரில் ஊறவைத்தேன். பத்து விரலும் முடிகிறவரை அவர் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் "உன் நகமும் வளர்ந்திருக்கிறது" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

கரூர் மாமன்:
ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. கைத்தடி இடது கையில்தான் இருக்கிறது. தங்கையை நான் குறை சொல்லவில்லை, மறுபடி படித்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
படித்தேன். சரி, அந்த வெங்காயத்தை யார் எடுத்தார்கள்?

அடுப்படிக்காரி:
பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா. 2 மணிக்கு உள்ளே நுழைந்ததும் குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்துக் கூடையில் போட்டார். அவருக்கும் முழங்கால் வலி.